அக்காவின் கிட்டாரும் கப்பலில் வந்த கிட்டாரும்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாவோ அப்பாவோ ஃபீஸைக் கேட்பதற்கு முன்னாலேயே இதைக் கேட்டுவிடுவார்கள்: "மிஸ், எந்த கிட்டார் வாங்கறது?"

என்னிடம் ஒரு பதில் இருந்தது. "கடையில போய், சீனாவுல இருந்து வர்றதுல நடுத்தரமா ஒண்ணு கேளுங்க. ஆறாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும். பை கூட குடுப்பாங்க."

சொல்லி முடித்ததும் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பேன். திறந்திருந்தால் மூடுவேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வந்ததே இல்லை. ஏனென்றால் என் கூடப்பிறந்த அக்கா சந்தாபுராவில் கிட்டார் செய்கிறாள். அவளிடம் இருப்பதிலேயே மலிவான கிட்டாரின் விலை பதினெட்டாயிரம்.

அக்காவும் மாமாவும் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரே மெஷின் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். மாமா அங்கே பேட்டர்ன் மேக்கர். இரும்பை உருக்கி வார்ப்பதற்கு முன்னால் அந்த உருவத்தை மரத்தில் செய்துகொடுக்கும் வேலை. அக்கா பர்ச்சேஸில் இருந்தாள். எதை யாரிடம் எவ்வளவு குறைத்து வாங்கலாம் என்பதே அவள் உத்தியோகம். பேட்டர்ன் வேலை கம்ப்யூட்டருக்குப் போனதும் மாமா கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்தார். மாதா கோயில் பாடகர் குழுவுக்காக விளையாட்டாக ஒரு கிட்டார் செய்தார். பிறகு இன்னொன்று. லாக்டவுன் முடிந்த பிறகு அக்காவும் வேலையை விட்டாள். சந்தாபுராவில் ஒரு டைல்ஸ் கடைக்குப் பின்னால் ஷெட் பிடித்து, மூன்று ஆட்களை வைத்து, இருவரும் முழுநேரமாக இறங்கிவிட்டார்கள்.

நான் பெற்றோரிடம் சொன்ன பதிலில் தப்பு எதுவும் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பரீட்சை வந்தால் நின்றுவிடுவார்கள். விரல் வலிக்கிறது என்று சில பேர் அதற்கு முன்பே நின்றுவிடுவார்கள். அப்படி நிற்கும் பிள்ளையின் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் பதினெட்டாயிரம் ரூபாய் சாய்ந்து நிற்க வேண்டுமா? இதை நான் மனசுக்குள் எத்தனையோ முறை வாதாடி ஜெயித்திருக்கிறேன். ஜெயித்த பிறகும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துகொண்டுதான் இருந்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்கு வந்தாள். விவேக் நகரில் ஒரு கோயில் குழுவுக்குக் கிட்டார் கொடுத்துவிட்டு வந்தவள், வழியில் பேக்கரியில் சூடாக பஃப்ஸ் வாங்கிக்கொண்டு மாடியேறினாள். பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். சனிக்கிழமை அரைநாள் கிடைத்தால் மகளைக் கூட்டிக்கொண்டு அவரே வந்துவிடுவார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை பிள்ளைகளின் கிட்டார்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் ஒரு சிறுமியின் கிட்டாரை வாங்கி, துப்பாக்கியைக் குறி பார்ப்பதுபோல் கழுத்தை நீளவாக்கில் பார்த்தாள். மேல் பலகையை விரலால் தட்டினாள். "நல்லா வெச்சிக்கோ கண்ணு" என்று திருப்பிக் கொடுத்தாள். எல்லாரும் இறங்கிப் போகும்வரை காத்திருந்தாள்.

"எல்லாம் ஒரே கிட்டாரு" என்றாள்.

"ஆமா."

"என்னோடது ஒண்ணாச்சும் இருக்கும்னு பாத்தேன்டி."

"அக்கா, அவங்க அம்மாங்க எல்லாம் மாசச் சம்பளத்துக்குப் போறவங்க. பதினெட்டாயிரத்துக்கு எங்க போவாங்க?"

"வாங்க வேணாம். இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லி இன்னா ஆவப் போவுது?"

கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா பஃப்ஸ் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். மழை பெரிதாகிக்கொண்டிருந்தது. அவள் நிற்கவில்லை.

அதற்கப்புறம் அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. தினமும் காலையில் பேசிக்கொள்கிற அக்கா தங்கச்சி நாங்கள். போன் வரும் நேரத்துக்கு நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். வகுப்பில் பிள்ளைகளின் கிட்டாரைச் சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறதா என்று மறுபடி பிடுங்கிப் பார்த்தேன். "மிஸ், இப்பதானே பண்ணீங்க" என்று அவர்கள் சிரித்தார்கள்.

அடுத்து சேர வந்த ஒரு அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எங்க அக்காவும் கிட்டார் செய்றாங்க. இங்கயே, சந்தாபுராவுல. நல்லா இருக்கும்." விலையைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அப்புறம் பாக்கலாம் மேடம்" என்று மகனின் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார். திரும்ப வரவில்லை. கமிஷனுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல் நானே சந்தாபுராவுக்குக் கிளம்பினேன். சில்க் போர்டில் பஸ் மாறி, ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மதியமாகிவிட்டது. உள்ளே மரத்தூளும் பசையும் கலந்த வாசனை. மாமா ஒரு கழுத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அக்கா மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"வா. சாப்ட்டியா?" என்றாள். அவ்வளவுதான், சண்டை முடிந்தது என்று நினைத்தேன்.

"நீ சொன்னது சரிதான்டி" என்று அவளே ஆரம்பித்தாள். "உக்காந்து யோசிச்சேன். கம்பி வெளிநாடு. கம்பிய முறுக்கற சாவி வெளிநாடு. மேல் பலகைக்கு மரம் வெளிநாடு. எல்லாத்துக்கும் வரி கட்டி, கொஞ்சம் கொஞ்சமா வாங்கி, இங்க ஒண்ணொண்ணா ஒட்டறோம். அங்க அவன் ஒரே காம்பவுண்டுல எல்லாத்தையும் செஞ்சி, பெட்டில போட்டு, கப்பல்ல ஏத்திடறான். எனக்கு சாமான் வாங்கற வெலைக்கு அவன் முழு கிட்டாரே குடுக்கறான்."

"தெரிஞ்சதுதானே."

"தெரிஞ்சதுதான். நானே எத்தினி பேருக்கு அத சொல்லியிருக்கேன்! பீன்யாவுல இருந்து சின்ன பட்டறைக்காரங்க வருவாங்க. ‘மேடம், இதுக்கு மேல கொறைக்க முடியாது, ஆளுங்களுக்கு சம்பளம் குடுக்கணும்’பாங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன். சீனா கொட்டேஷன எடுத்து அவங்க முன்னாடி வைப்பேன். அவ்ளோதான்." அவள் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "அறுபது ஆர்டர் போட்டுட்டேன்."

"எத?"

"கிட்டாரு. அங்க இருந்து. நம்ம பேரு போட்டு வரும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டேன். "நான் வாங்கச் சொன்னா தப்பு, நீ வித்தா சரியா? மாமா கிட்ட கேட்டியா? இந்த ஆளுங்க இன்னா பண்ணுவாங்க?"

"நீதானடி சொன்ன, பதினெட்டாயிரத்துக்கு எங்க போவாங்கன்னு!"

"அதுக்கு? நீ செய்றத விட்டுட்டு கடக்காரி ஆயிடுவியா?"

உப்புத்தாளின் சத்தம் நின்றது. "ரெண்டு பேரும் டீ குடிங்க" என்றார் மாமா. யாரும் டீ போடப் போகாததால் அவரே எழுந்து போனார். அவருக்கு இது முன்பே தெரியும் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது. ஆறாயிரத்துக்கு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அக்கா அதற்கு ஒத்துக்கொண்டதும் எனக்கு ஏன் தரை நழுவியது? திரும்பும் வழியில் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தேன்.

மழைக்காலம் முடியும் நேரத்தில் பெட்டிகள் வந்தன. அக்கா கூப்பிட்டாள், போனேன். போகாமல் வீட்டில் இருந்திருந்தால் அன்றைக்கு நான் எந்த வேலையும் செய்திருக்க மாட்டேன். முதல் பெட்டியை மாமா பிரித்தார். நுரைத்தாளைக் கழற்றி, கிட்டாரை மடியில் வைத்து, சுருதி கூட்டி, கோயிலில் வாசிக்கும் ஒரு ராகத்தைக் கொஞ்சம் வாசித்தார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மட்டமாக இருக்க வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நல்லா கீதே" என்றார்.

காசு போட்டு வரவழைத்த அக்காகூடச் சந்தோஷப்படவில்லை. "நெஜமாவா?" என்று இரண்டாம் முறை கேட்டாள்.

"வெலைக்கு ரொம்ப நல்லா கீது. நம்மளோடது மாதிரி தொறந்து பேசல. ஆனா கத்துக்கற புள்ளைக்கு இது போதும்."

அவர் போன் வெளிச்சத்தைக் கிட்டாரின் ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே பலகையைத் தாங்கும் ஒரு பட்டையில் பென்சிலால் டிக் அடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பசை வழிந்து, அதை யாரோ விரலால் துடைத்த தடம் காய்ந்து நின்றது. ரேகைகூடத் தெரிந்தது.

"அவசரத்துல தொடச்சிருக்கான்" என்றார் மாமா. "நம்ம பசங்க தொடைக்கற மாதிரியேதான்."

அக்காவும் குனிந்து பார்த்தாள். "பொண்ணாக்கூட இருக்கலாம். வெரலு சின்னதா கீது பாருங்க."

அதுவரை நான் கப்பலில் வருகிற கிட்டார் என்றால் ஏதோ ஒரு பெரிய இயந்திரம் துப்புகிற பொருள் என்றே நினைத்திருந்தேன். அந்த ரேகையைப் பார்த்த பிறகு யாரிடம் கோபப்படுவது என்று விளங்கவில்லை.

அறுபதில் நான்கு கிட்டார்களின் மேல் பலகை வழியில் விரிசல் விட்டிருந்தது. அவற்றை ஓரமாக வைத்தார்கள். மற்றவை கிறிஸ்துமஸுக்கு முன்பே விற்றுப்போயின. அக்காவின் சொந்தக் கிட்டார் அதே காலத்தில் மூன்று போனதே பெரிது. ஷெட்டில் தேய்க்கும் சத்தம் குறைந்து, டேப் கிழிக்கும் சத்தம் கூடியது. வேலையாட்களில் ஒருவர் பொம்மசந்திராவில் மாடுலர் கிச்சன் செய்யும் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ஸ்வீட் பெட்டியோடு சொல்ல வந்தவரிடம் வருத்தம் எதுவும் இல்லை. சம்பளம் அதிகம், பி.எஃப். உண்டு, வீட்டுக்கும் பக்கம். "நல்லதுப்பா, நல்லது" என்று அக்கா அவர் கையைப் பிடித்துச் சொன்னாள். அவர் போன பிறகு அன்று முழுக்க, மற்ற இரண்டு பேரிடமும் ஏதாவது ஒரு சாக்கில் போய்ப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறிய பிறகு என் வகுப்பில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. ஷீட் கூரை வீடுகளில் இருக்கும் பிள்ளைகளின் மலிவான கிட்டார்களில் பிரிட்ஜ், அதாவது கம்பிகளைக் கட்டும் மரத்துண்டு, பசைவிட்டுக் கிளம்பத் தொடங்கியது. அக்காவிடம் சொன்னேன். "சனிக்கிழம வர்றேன்" என்றாள். ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கும் க்ளாம்பும் பசையும் எடுத்துக்கொண்டு வந்து, வகுப்பு நடக்கும்போதே மூலையில் உட்கார்ந்து ஒட்டினாள். காசு வாங்கவில்லை. அவள் விற்ற கிட்டார்களும் இல்லை அவை.

அந்தக் கார்மெண்ட்ஸ் அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகளுடைய கிட்டாரும் அன்றைக்கு மேசைமேல் இருந்தது.

"நீங்களே கிட்டார் செய்வீங்களாமே மேடம். பாப்பா சொல்லுச்சி."

"செய்றோம். இப்ப வரவழச்சும் விக்கறோம். இங்க செஞ்சா கட்டுப்படி ஆவல."

"எங்க கம்பெனில அப்படியே தலகீழு. நாங்க தெக்கிற சட்ட எல்லாம் வெளிநாட்டுக்குத்தான் போவுது. அந்த ஊர்ல தெக்கறவங்க எங்கள திட்டுவாங்க இல்ல?"

அக்கா க்ளாம்பைத் திருகிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "திட்டுவாங்களா இருக்கும்" என்றாள். பிறகு, "அந்தச் சட்ட உங்க வீட்ல யாராச்சும் போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ரிஜெக்ட் பீஸ் குடுப்பாங்க மேடம். பட்டன் தப்பா இருக்கும், தையல் கோணலா இருக்கும். எங்க வீட்டுக்காரரு அதத்தான் போட்டுன்னு போறாரு." அவர் சிரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "நீங்க கையால செய்றதுல ரிஜெக்ட் பீஸ் எதுனா இருக்குமா?"

அக்காவுக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தார். ஆனால் அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. இறங்கும்போது படியில் நின்று, "அந்த வெடிச்ச கிட்டாரு ஒடம்பு நாலும் சும்மா கெடக்குதுடி" என்று என்னிடம் சொன்னாள்.

ஷெட்டில் மாமா செய்து, நிறம் சரியில்லை என்று ஒதுக்கிய மேல் பலகைகள் சில இருந்தன. மரத்தில் ஓடும் கோடு ஒரு பக்கம் கறுப்பாக இருக்கும். ஒலிக்கு ஒரு குறையும் கிடையாது. கப்பலில் விரிசல் விட்டு வந்த கிட்டாரின் மேல் பலகையை மாமா சூடுகாட்டிக் கழற்றி, அந்த இடத்தில் தன்னுடையதை ஒட்டினார். கறுப்புக் கோடு ஓடிய முதல் கிட்டார் ஒன்பதாயிரத்துக்கு அந்தக் கார்மெண்ட்ஸ் அம்மாவின் மகளுக்குப் போயிற்று. வகுப்பில் அவள் அதை வாசித்த முதல் நாள், மற்றப் பிள்ளைகள் தாங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் அறைக்கு வெளியே படிவரை போனது. அவள் வெட்கப்பட்டு மெதுவாக வாசித்தாள், அப்போதும் கேட்டது.

நான்கும் போன பிறகு அக்காவிடம் அதையே கேட்டுப் பலர் வந்தார்கள். அவள் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு எழுதினாள்: மேல் பலகை இல்லாமல் உடம்பும் கழுத்தும் மட்டும் அனுப்ப முடியுமா, எவ்வளவு குறையும்? பதில் மறுநாளே வந்தது. அனுப்பலாம், ஆனால் விலை குறையாது. நடுவில் வேலையை நிறுத்தி எடுப்பது அவர்களுக்குத் தனிச் செலவாம்.

"பலகை வெச்சாலும் அதே வெல, வெக்காட்டியும் அதே வெல" என்று அக்கா என்னிடம் போனில் கத்தினாள். "அப்போ அந்தப் பலகைக்கு இன்னாதான் மதிப்பு? அத ஒட்டற ஆளுக்கு இன்னா மதிப்பு?"

வேறு வழியில்லை. முழுக் கிட்டாராகவே வரவழைத்து, பலகையைக் கழற்றி, மாமாவின் பலகையைப் போடுகிறார்கள். இதற்கு ஆள் வேண்டும் என்பதால் மீதமிருந்த இரண்டு பேருக்கும் வேலை நிலைத்தது. கழற்றிய புதுப் பலகைகள் ஷெட்டின் ஒரு மூலையில் அடுக்கி நிற்கின்றன. ஒரு கீறல் இல்லாத பலகைகள். எதற்காவது ஆகும் என்று மாமா சொல்கிறார். இதுவரை எதற்கும் ஆகவில்லை. அக்கா அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். நான் போனால் எனக்கும் அங்கேயே கண் போகிறது. அந்த ரேகைக்காரியோ ரேகைக்காரனோ ஒட்டியதை இங்கே ஒருவர் சூடுகாட்டிப் பிரிக்கிறார் என்று நினைத்தால் ஷெட்டில் ஓர் இடத்தில் என்னால் நிற்க முடிவதில்லை.

போன மாதம் லேபிள் அடிக்க நாங்கள் மூவரும் சந்தாபுரா சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்டிங் கடைக்குப் போனோம். கிட்டாரின் உள்ளே ஒட்டும் வட்ட லேபிள். பேர் சொல்லியாயிற்று. "கீழ எந்த ஊர்ல செஞ்சதுன்னு போடட்டா மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார். அங்கேதான் ஆரம்பித்தது.

"சந்தாபுரான்னு போடுங்க" என்றார் மாமா. "சத்தம் வர்ற பலகை நம்மளது. கிட்டாருக்கு அதுதானே உசுரு."

"கழுத்து, ஒடம்பு, சாவி எல்லாம் அங்க செஞ்சது மாமா" என்றேன். "சந்தாபுரான்னு போட்டா பொய்யாயிடாதா?"

"அப்போ அந்த ஊரு பேர போடணுமா? அவங்க பலகையதான் நாம தூக்கிப் போடறோமே!" என்றார் மாமா.

கடைக்காரர் மவுஸில் கையை வைத்தபடி எங்களைப் பார்த்தார். பின்னால் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். "பேகா ஹேளி மேடம்" என்று கன்னடத்தில், சீக்கிரம் சொல்லச் சொல்லி அவசரப்படுத்தினார்.

அக்கா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். "உள்ளது உள்ளபடி போடுங்க" என்றாள் திடீரென்று. "ஒடம்பும் கழுத்தும் சீனா. மேல் பலகை சந்தாபுரா. ரெண்டு வரி."

"அவ்ளோ எழுத்து இந்த சைஸ்ல வராது மேடம். படிக்க முடியாது."

"சைஸ பெருசு பண்ணுங்க."

"ரேட் ஜாஸ்தி ஆகும்."

"ஆவட்டும்" என்றாள் அக்கா.

மாமா என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு வியாபாரியிடம் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். ரோட்டில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. கடக்க இடம் பார்த்து நிற்கும்போது அக்கா என் காதருகே, "லேபிளுக்குப் போயி இவ்ளோ ரேட்டாடி?" என்றாள். இடம் கிடைத்துக் கடப்பதற்குள் ஓசூரில் இருக்கும் இன்னொரு பிரிண்டருக்கு அவள் போன் போட்டுவிட்டாள்.